கைரேகை பொருந்தவில்லை

போன வாரம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் உங்களில் ஒருவர் வேலை செய்வதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் சொல்லமாட்டேன். அவர் திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது. இந்த சர்வரின் அடையாளம் மாறியிருக்கிறது, தொடரலாமா என்று கேட்டது. அவர் அதைப் படிக்கவில்லை. முகத்தில் உட்கார்ந்த ஈயை விரட்டுவது போல ஒரு தட்டு தட்டினார். எச்சரிக்கை போய்விட்டது. நான் பார்ப்பதைக் கவனித்து, "தினமும் வரும் மேடம்" என்று சிரித்தார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் அந்தத் தட்டு என் மனதைவிட்டுப் போகவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் பத்தாண்டின் நடுவில், பாண்டிச்சேரி மிஷன் வீதியை ஒட்டிய ஒரு வீதியில், மாடியில் இயங்கிய சின்ன அலுவலகத்தில் நான் கணினிகளுக்குப் பொறுப்பாக இருந்தேன். பொறுப்பு என்றால் எல்லாம்தான். சர்வர், கேபிள், பிரிண்டர், யாராவது கீபோர்டில் டீயைக் கொட்டினால் அதுவும். பிரான்சில் ஒரு நடுத்தர ஊரின் மருத்துவமனையில் டாக்டர்கள் ஸ்கேன் படங்களைப் பார்த்து, கண்டதைத் தங்கள் குரலில் பதிவு செய்வார்கள். அந்த ஒலி எங்களுக்கு வரும். பிரெஞ்சு படித்த எங்கள் ஆட்கள் அதைக் கேட்டு அறிக்கையாகத் தட்டச்சு செய்து திருப்பி அனுப்புவார்கள். பாண்டிச்சேரியை விட்டால் இந்த வேலைக்கு ஒரு மாடி நிறைய ஆட்களை எங்கே போய்ச் சேர்ப்பது?

முதலாளி கஜேந்திரன். பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, சில வருடம் பிரான்சில் வேலை பார்த்துவிட்டு, ஊருக்கே திரும்பி வந்து இதை ஆரம்பித்தவர். நல்ல மனிதர். பதற்றம் வந்தால் மட்டும் கால் ஓரிடத்தில் நிற்காது. தட்டச்சு செய்த அறிக்கைகளை எல்லாம் படித்துத் திருத்துபவர் செசில் மதாம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். அவர் தகப்பனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். முதலாளியையே "கஜா" என்று பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒரே ஆள். எனக்குப் பிரெஞ்சு அரைகுறைதான். முல்லா வீதியில் தையல் கடை வைத்திருந்த என் அத்தா என்னை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டுவிட்டார். பிரான்சிலிருந்து போன் வந்தால் நான் மதாமின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நிற்பேன்.

அந்த வருடம் மருத்துவமனை ஒரு புது விதி போட்டது. இனிமேல் நோயாளிகளின் விவரம் எதுவும் சாதாரண இணையத்தில் வரக்கூடாது, வி.பி.என். வழியாக மட்டும்தான் வரவேண்டும். வி.பி.என். என்பது பொது இணையத்துக்குள்ளேயே இரண்டு இடங்களுக்கு நடுவில் வெளியாள் எட்டிப் பார்க்க முடியாதபடி ஒரு சுரங்கம் போடுவது என்று உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு அன்றைக்கு அது புதிது. மருத்துவமனை அனுப்பிய மென்பொருள் பொத்தான், படம், வண்ணம் எல்லாம் வைத்தது. எங்கள் அறிக்கைகளை அனுப்பும் இயந்திரமோ மாடிப்படிக்குக் கீழே திரைகூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த பழைய லினக்ஸ் பெட்டி. ஆகவே கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் கிளையன்ட் ஒன்றை, அதாவது சுரங்கத்தோடு இணைக்கும் மென்பொருளை, தேர்ந்தெடுத்தேன். அதற்குப் பொத்தான் கிடையாது. என்ன செய்யவேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதிவைத்தால் அதைச் செய்யும். எழுதாததைச் செய்யாது.

"ஒரே கறுப்பா இருக்குதேம்மா, இது வேலை செய்யுதா தூங்குதான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் கஜேந்திரன்.

"பிரச்சினைன்னா பேசும் சார். இல்லன்னா பேசாது."

முதல் தடவை சுரங்கம் இணைந்தபோது நான் ஒருத்தி மட்டும் கை தட்டினேன். அடுத்த நிமிடம் அலுவலகம் முழுவதும் கத்தல். யாருக்கும் மெயில் இல்லை, இணையம் இல்லை. எங்கள் அலுவலகத்திலிருந்து வெளியே போகும் அத்தனையும் அந்தச் சுரங்கத்துக்குள் புகுந்து, பிரான்சில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் முட்டிக்கொண்டு நின்றது. மருத்துவமனைக்குப் போவது மட்டும் சுரங்கத்தில், மற்றதெல்லாம் பழைய வழியில் என்று பிரித்து எழுதினேன். அந்த வேலையின் விவரமெல்லாம் உங்களுக்குக் கைவந்தது. அதைத் தாண்டிப் போகிறேன்.

தாண்ட முடியாதது ஒன்று உண்டு. ஒவ்வொரு சர்வருக்கும் கைரேகை என்று சொல்லும் ஒரு நீள எண் இருக்கிறது. இலக்கமும் எழுத்தும் கலந்து, இரண்டு இரண்டாகப் பிரித்து எழுதுவது. மருத்துவமனை சர்வரின் கைரேகையைக் கிளையன்ட்டில் பதிந்துவைத்தால், ஒவ்வொரு முறையும் அது ஒப்பிட்டுப் பார்க்கும். மாறியிருந்தால் நின்றுவிடும். பார்க்காமல் போ என்று சொல்ல ஒரே ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். நான் அதைச் சேர்க்கவில்லை.

அந்தக் கைரேகையை எங்களுக்குக் கொடுத்தவர் மருத்துவமனையின் வலையமைப்பைப் பார்த்துக்கொண்ட ஒருவர். அவர் பெயரை நான் சரியாகக் காதில் வாங்கவே இல்லை. பிறகு கேட்கக் கூச்சமாகிவிட்டது. கரகரத்த குரல். கடவுச்சொல்லில் பாதியை ஃபேக்ஸில் அனுப்பினார், மீதியைப் போனில் சொன்னார். மெயிலில் எதுவும் அனுப்பமாட்டேன் என்றார். கைரேகையைப் போனில் நிறுத்தி நிறுத்திப் படித்துவிட்டுக் கடைசியில் ஏதோ நீளமாகச் சொன்னார். மதாம் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இது எப்பவாவது மாறிச்சுன்னா யார் சொன்னாலும் நம்பாதங்கறார். அவரே மெயில் போட்டாலும் நம்பாதயாம். போன் போடு, மெஷின் முன்னாடி ஒரு ஆள நிக்க வச்சுப் படிக்கச் சொல்லு, அப்புறம் உள்ள போன்னு சொல்றார்."

"அவரையே நம்பக்கூடாதா?"

மதாம் கேட்டார். பதில் வந்ததும் சிரித்தார். "அவரையேதான் மொதல்ல நம்பக்கூடாதாம்."

அந்த மனிதரிடம் நான் அதற்குமேல் நாலைந்து முறை பேசியிருப்பேன். நேரில் பார்த்ததில்லை. ஆனால் இந்தத் தொழிலில் எனக்கு ஆசான் யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன்.

இனி அந்த ஆகஸ்ட் மாத விஷயத்துக்கு வருகிறேன். பதினைந்தாம் தேதி நமக்குச் சுதந்திர தினம். பிரான்சிலும் அன்று மாதா திருநாள், விடுமுறை. அந்த வருடம் அவர்களுக்கு அது வார இறுதியோடு சேர்ந்து நீண்ட விடுமுறையாகிவிட்டது. ஆகஸ்டில் பாதி பிரான்சு ஊரில் இருக்காது. மீதிப் பாதியும் முதல் நாள் மதியமே கிளம்பிவிடும். அதனால் விடுமுறைக்கு முன்னால் செய்துமுடிக்கவேண்டிய அறிக்கைகள் எல்லாம் பதினான்காம் தேதி மொத்தமாக எங்கள் தலையில் விழுந்தன. ஒலிப்பதிவுகள் முந்தின இரவே வந்துவிட்டன, அறிக்கைகள் அவர்கள் நேரத்துக்கு மதியம் ஆவதற்குள் போய்ச் சேரவேண்டும். நம் நேரத்துக்கு அது மாலைத் தேநீருக்குச் சற்று முன்பு.

எங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதும் அந்த மாதம்தான். வட ஆப்பிரிக்காவில் ஒரு நிறுவனம் இதே வேலையைக் கேட்டு மோதிக்கொண்டிருந்தது. ஒரு முறை தாமதமானால் பேச்சே வேறாகிவிடும் என்று அங்கிருந்து ஜாடையாகச் சொல்லியிருந்தார்கள்.

காலையில் ஒரு மெயில் வந்தது. மருத்துவமனையின் கணினிப் பிரிவிலிருந்து வழக்கமான முகவரியில், எல்லா ஒப்பந்தக்காரர்களுக்கும். சர்வர் மாறிவிட்டது, இன்றிலிருந்து இந்தப் புது முகவரிக்கு இணையுங்கள், ஓர் எச்சரிக்கை வரும், ஏற்றுக்கொள்ளுங்கள், சந்தேகம் இருந்தால் இந்த எண்ணைக் கூப்பிடுங்கள். கையெழுத்து எங்களுக்குத் தெரியாத ஒரு பெயர்.

பழைய முகவரியை முயன்று பார்த்தேன். பதில் இல்லை. புது முகவரியைக் கோப்பில் எழுதிக் கட்டளை கொடுத்தேன். கிளையன்ட் பேசியது. கைரேகை பொருந்தவில்லை என்று சொல்லி, அந்த சர்வர் காட்டிய எண்ணைத் திரையில் போட்டுவிட்டு நின்றுவிட்டது.

சர்வர் மாறினால் கைரேகையும் மாறும்தான். மெயிலிலேயே சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனது. என்னை உறுத்தியதே அதுதான். மெயில் உண்மையா என்று கேட்க ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண்ணும் அதே மெயிலில்தான் இருக்கிறது. ஒருவரைப் பற்றி விசாரிக்க அவரிடமே போய்க் கேட்பதில் என்ன இருக்கிறது?

அறிக்கைகள் சேர்ந்துகொண்டே போயின. மதிய உணவு முடிந்தது. கஜேந்திரன் என் மேசைக்கு வந்தார்.

"நூர், இன்னாம்மா இன்னும் ஒண்ணும் போவலியா?"

சொன்னேன். அவர் மெயிலை இன்னொரு முறை படித்தார்.

"அவங்களே ஏத்துக்கன்னு எழுதியிருக்காங்களே."

"எழுதினது அவங்கதானான்னு தெரியணும் சார்."

"வேற எவன் எழுதுவான்? நம்மள ஏமாத்தி எவனுக்கு இன்னா கெடைக்கப்போவுது? ஸ்கேன் ரிப்போர்ட்டு!"

"தெரியாது சார். தெரியாததாலதான் நிறுத்தி வச்சிருக்கேன்."

அவர் ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். "ஒரு வார்த்தை சேர்த்தா கேக்காம போயிடும்னு அன்னைக்கு நீதான சொன்ன?"

"ஆமா."

"சேத்துடு."

நான் சேர்க்கவில்லை. அறையில் தட்டச்சுச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. எல்லாரும் ஹெட்போனைக் கழற்றி எங்களைப் பார்த்தார்கள். பிள்ளைச்சாவடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் அமுதா எழுந்து என் அருகில் வந்தாள். எங்கள் அலுவலகத்தில் பிழை குறைவாக, சீக்கிரமாகத் தட்டச்சு செய்பவள் அவள்தான்.

"அக்கா, நான் அடிச்சதுல ஒரு பொண்ணோட ஸ்கேன் இருக்கு. என்னவிட சின்னப் பொண்ணு. லீவு முடிஞ்ச மறுநாளே ஆபரேஷனாம். சர்ஜன் கெளம்பறதுக்குள்ள இத அவர் கையில குடுக்கணும்னு டாக்டர் கடைசில ரெண்டு தடவ சொல்றாரு. குரலே ஒரு மாதிரி இருக்குக்கா."

அவள் என்னை அவசரப்படுத்துவதற்காகத்தான் சொன்னாள். எனக்கோ அது வேறு விதமாகக் கேட்டது. அந்தப் பெண்ணின் பெயர், வயது, உடம்புக்குள் இருப்பது அத்தனையையும் யாரென்று தெரியாத ஒருவர் கையில் வைத்துவிட்டு, சர்ஜனிடம் கொடுத்துவிட்டேன் என்று நான் எப்படிச் சொல்வது?

கஜேந்திரன் என் நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்தார். "நீ தட்டலன்னா வுடு. நான் தட்டறேன். கெட்ட பேர் வந்தா என் பேர்ல வரட்டும்."

அவரும் அந்த அறையில் இருந்த எல்லாருக்காகவும்தான் பேசினார். அது எனக்குத் தெரியும். அவர் எனக்கு எதிராளியாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தட்டுங்க சார். உங்க ஆபீஸ், உங்க மெஷின். ஆனா நான் பையை எடுத்துக்கிட்டு கீழ எறங்கினப்புறம் தட்டுங்க. இந்தப் பொறுப்புல நான் உக்காந்திருக்கிற வரைக்கும், யார்னு தெரியாம கதவத் தெறக்கமாட்டேன்."

அவர் நாற்காலியை விடவும் இல்லை, தள்ளவும் இல்லை. கடைசியில் கேட்டார்.

"ஒனக்கு இன்னா வேணும் இப்ப?"

"ஒரு போன். மெயில்ல இருக்கிற நம்பருக்கு இல்ல. ஆஸ்பத்திரியோட பொது நம்பருக்கு."

"அத நான் போடறேன்" என்றார் செசில் மதாம் தன் மேசையிலிருந்து. திருத்தம் கேட்க அவர் வாரத்துக்கு ஒரு முறையாவது அழைக்கும் எண் அது. அவருக்கு மனப்பாடம். "கஜா, நீ போய் உக்காரு. நீ நடந்தா எனக்கு காது கேக்காது."

கஜேந்திரன் உட்கார்ந்தார்.

மருத்துவமனையின் போன் எடுக்கும் பெண், கணினிப் பிரிவில் யாரும் இல்லை என்றாள். எங்கள் கரகரத்த குரல்காரர் விடுமுறையில் மலைப்பக்கம் போய்விட்டாராம். மதாம் விடவில்லை. தினமும் எங்கள் அறிக்கைகளை வாங்கிக்கொள்ளும் ஸ்கேன் பிரிவுச் செயலரைக் கேட்டார். அந்த அம்மாள் வந்தார். அவருக்கும் மதாமுக்கும் பல மாதப் பழக்கம். அவர், விடுமுறைக்காலத்துக்கு மட்டும் ஒரு தற்காலிக ஆள் வந்திருக்கிறான், அவனைத் தேடிப் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, போனை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்துபோனார்.

நாங்கள் காத்திருந்தோம். வெளிநாட்டு அழைப்பில் எதுவும் பேசாமல் காத்திருப்பது எப்படி இருக்கும் என்பது இந்தக் காலத்துப் பிள்ளைகளான உங்களுக்குத் தெரியாது. மதாம் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இருந்த நேரத்தில் இன்னொரு அறிக்கையைத் திருத்தினார். வெளியே கடற்கரைச் சாலைப் பக்கம் மறுநாள் அணிவகுப்புக்குப் பள்ளிப் பிள்ளைகள் பேண்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரம் சத்தம் எங்கள் மாடிவரை அதிர்ந்தது.

ஒருவழியாக ஓர் இளம் குரல் வந்தது. எரிச்சலில் இருந்தது. மதாம் ஸ்பீக்கரில் போட்டார்.

மெயில் அனுப்பியது அவன்தான். ஏற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறேனே, இன்னும் என்ன வேண்டும் என்றான். கஜேந்திரன் என்னைப் பார்த்தார். 'போதுமா?' என்று அந்தப் பார்வை கேட்டது.

"மதாம், சர்வர் முன்னாடி போய் நின்னு, அதுலயே பாத்து கைரேகையப் படிக்கச் சொல்லுங்க" என்றேன்.

மதாம் சொன்னார். அவன் வேகமாக ஏதோ சொன்னான். மதாமின் முகம் இறுகியது. எனக்கு மொழிபெயர்க்காமல், மிக மெதுவாக, சுத்தமான பிரெஞ்சில் ஒரே ஒரு வாக்கியம் பேசினார். பிறகு கதவு திறக்கும் ஓசையும் மின்விசிறிகளின் இரைச்சலும் கேட்டன. அவன் கம்பியில்லாப் போனோடு இயந்திர அறைக்குப் போய்விட்டான்.

"என்ன மதாம் சொன்னான்?"

"காலையிலேந்து எல்லாரும் சேந்துட்டாங்க, இந்தியாவுல இருக்கறவங்களுக்கு மட்டும் என்ன சந்தேகம்னான். நானும் ஒன் பாஸ்போர்ட்டே வச்சிருக்கறவதான் தம்பி, போய்ப் படின்னேன்."

அவன் படிக்க ஆரம்பித்தான். கைரேகையை இரண்டு இரண்டு இலக்கமாகப் படிக்கவேண்டும். பிரெஞ்சில் தொண்ணூற்றிரண்டு என்பதை 'நாலு இருபது பன்னிரண்டு' என்றுதான் சொல்வார்கள். என் அரைகுறைப் பிரெஞ்சு காதில் விழுந்ததை அப்படியே எழுதியது: நான்கு, இருபது, பன்னிரண்டு. வரிசை எங்கேயோ போய்விட்டது.

"அது ஒரே நம்பர் மா. தொண்ணூத்தி ரெண்டு. நீ எழுதாத, நான் தமிழ்ல சொல்றேன், நீ திரையப் பாத்துக்கிட்டே வா."

எழுத்துகளிலும் தொல்லை. E அவர்கள் வாயில் 'அ' போல வரும். A 'ஆ' என்று வரும். கடற்கரை டிரம்மில் இரண்டும் ஒன்றாகக் கேட்டன. "ஜன்னலச் சாத்துங்க" என்றார் மதாம். அமுதாவும் மற்றவர்களும் எழுந்து ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள். கஜேந்திரன் மின்விசிறியை நிறுத்தினார். ஆகஸ்ட் வெயிலில், அடைத்த அறையில், ஒரு மாடி நிறைய ஆட்கள் வியர்த்துக்கொண்டு ஒரு பிரெஞ்சு இளைஞன் எண் படிப்பதைக் கேட்டோம்.

முதல் ஜோடி பொருந்தவில்லை. சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். இரண்டாவதும் பொருந்தவில்லை. மூன்றாவதும். ஒன்றுகூட இல்லை.

"மதாம், இது அது இல்ல."

அவர் அவனிடம் சொன்னார். நீங்கள் தப்பாகக் கேட்கிறீர்கள் என்றான் அவன். "முதல்லேந்து படிக்கச் சொல்லுங்க" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி படித்தான். பொருந்தவில்லை.

கஜேந்திரன் எழுந்து என் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். அவர் குரல் தணிந்திருந்தது.

"அவன் சொல்றது அவன் மெஷினுன்னா, அப்போ இது யாரு?"

எங்கள் திரையில் பெயர் தெரியாத ஒரு சர்வர், வா வா என்று காத்துக்கொண்டிருந்தது.

"நீ எந்த முகவரிக்குப் போறேன்னு கேக்கறான்" என்றார் மதாம். மெயிலில் இருந்த முகவரியைச் சொன்னேன். அவன் அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு ஓடினான். காலடி ஓசை எங்களுக்கே கேட்டது.

திரும்பி வந்தபோது அவன் குரலில் எரிச்சல் இல்லை, பயம் இருந்தது. மெயிலில் அவன் போட்டது தவறான முகவரி. அது புது சர்வரின் முகவரி அல்ல. மாற்றத்துக்கு முன்னால் சோதித்துப் பார்ப்பதற்காக மூலையில் வைத்திருந்த ஒரு பழைய இயந்திரத்தின் முகவரி. அதில் போய் விழுவதை எந்த டாக்டரும் பார்க்கமாட்டார். அன்று மதியம் அவன் கிளம்பும் முன் அதைச் சுத்தமாக அழித்துவிட்டுப் போவதாக இருந்தான்.

திருடன் எவனும் இல்லை. வேறு நாட்டு உளவாளியும் இல்லை. அவசரத்தில் ஓர் இளைஞன் ஒரு வரியை மாற்றி ஒட்டிவிட்டான், அவ்வளவுதான். நான் அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்திருந்தால் எல்லாம் சுகமாக இணைந்திருக்கும். அறிக்கைகள் எல்லாம் போய்விட்டன என்று திரை சொல்லியிருக்கும். நாங்கள் டீ குடித்துவிட்டு, கொடிக்குக் கயிறு கட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். அந்தப் பெண்ணின் ஸ்கேன் அறிக்கை சாயங்காலத்துக்குள் இல்லாமலே போயிருக்கும். அது இல்லை என்று யாருக்காவது தெரியவரும்போது விடுமுறை முடிந்திருக்கும்.

சரியான முகவரியை அவன் சொன்னான். நான் கோப்பில் எழுதினேன். இந்த முறை அவன் மறுபடி படிக்க, மதாம் தமிழில் சொல்லச் சொல்ல, கிளையன்ட் காட்டிய கைரேகையை ஒவ்வொரு ஜோடியாக ஒப்பிட்டேன். கஜேந்திரனும் என் தோளுக்கு மேல் எட்டி, உதடு அசைய, ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். கடைசி ஜோடி வரைக்கும் பொருந்தியது. அதைப் பதிந்து கட்டளையைக் கொடுத்தேன். கிளையன்ட் எதுவும் பேசவில்லை.

"இன்னா, தூங்கிடுச்சா?" என்றார்.

"இல்ல சார். உள்ள போயாச்சு."

அமுதாவின் அறிக்கையை முதலில் அனுப்பினேன். அதற்குள் அவன் போனைக் கொண்டுபோய் அந்தச் செயலர் அம்மாளிடம் கொடுத்திருந்தான். வந்துவிட்டது என்றார் அவர். காகிதம் வெளியே வரும் ஓசை கேட்டது. நடைபாதையில் யாரையோ பெயர் சொல்லிக் கூவி அழைத்தார். மதாம் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு எங்களிடம் சொன்னார்.

"சர்ஜன் கார் சாவியோட நின்னுக்கிட்டிருந்தாராம். அப்படியே சுவத்துல சாஞ்சு படிக்கறாராம்."

அமுதா போய் ஜன்னலைத் திறந்தாள். டிரம் சத்தமும் கடல்காற்றும் ஒன்றாக உள்ளே வந்தன. மீதி அறிக்கைகள் ஒவ்வொன்றாகப் போயின.

அந்த இளைஞன் சாயங்காலம் மறுபடி கூப்பிட்டான். காலையிலிருந்து சோதனை இயந்திரத்தில் வந்து விழுந்திருந்த மற்ற ஒப்பந்தக்காரர்களின் கோப்புகளை எல்லாம் எடுத்து உரிய இடத்தில் சேர்த்துவிட்டானாம். விடுமுறைக்குக் கிளம்பவே இல்லையாம். மதாமிடம் மன்னிப்புக் கேட்டான். மதாம் அவனுக்கு நல்ல விடுமுறை சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

எல்லாரும் கிளம்பிய பிறகு கஜேந்திரன் என் மேசைக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அவன் படிச்ச நம்பரும் தெரையில இருந்ததும் ஒண்ணாவே இருந்திருந்தா? பாதி நாளு வீணாயிருக்கும். காண்ட்ராக்டும் போயிருக்கலாம். அப்ப என் மூஞ்சில எப்படி முழிச்சிருப்ப?"

"இப்ப முழிக்கிற மாதிரிதான் சார். மறுபடி மாறினா மறுபடியும் போன்தான் போடுவேன்."

"சரி. அடுத்த தடவ நான் வேணாம்னு சொன்னாலும் போன் போடு" என்று சொல்லிவிட்டு எழுந்து, கீழே கொடி கட்டப் போனார்.

பிள்ளைகளே, இந்தக் கதையைச் சொன்னால் எல்லாரும் என்னைப் பாராட்டுவார்கள். நியாயமாகப் பார்த்தால் பாராட்டவேண்டிய நாள் இது அல்ல. இதற்குப் பிறகும் நான் ஓய்வுபெறும் வரையில் அந்தக் கைரேகை எத்தனையோ முறை மாறியது. ஒவ்வொரு முறையும் வேலையை நிறுத்திவிட்டுப் போன் போட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் ஒருவர் எழுந்துபோய் இயந்திரத்தின் முன் நின்று படித்தார். சிலர் சலித்துக்கொண்டார்கள், சிலர் திட்டினார்கள். எங்கள் அலுவலகத்திலேயே, இந்த அம்மாவுக்கு வேறு வேலை இல்லை என்று என் காதுபடப் பேசியவர்கள் உண்டு. எல்லா முறையும் எண்கள் பொருந்தின. அந்த அழைப்புகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு கதைகூட இல்லை. பொருந்தியது, உள்ளே போனோம், வேலை நடந்தது.

என் பணிக்காலத்தில் எனக்குப் பெருமை தருபவை அந்த அழைப்புகள்தான்.